வரி பிடிக்கத் தெரிந்த அரசுக்கு ஓய்வூதியம் கணக்கிடத் தெரியாதா?

யாழ்ப்பாணத்தின் அச்சுவேலிப் பிரதேச வைத்தியசாலையிலும், கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், வலிகாமம் கிழக்கின் தாய் சேய் நல நிலையங்களிலும் ஆயுளின் பாதியைச் செலவழித்து இளைப்பாறியவர்களுக்கு இலங்கை அரசு கடன்பட்டிருக்கிறது. நன்றிக்கடனைப் பற்றி நாம் பேசவில்லை. ரூபாய் கணக்கில் எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வைத்துக் கேட்கக்கூடிய கடனைப் பற்றியே பேசுகிறோம். ஆட்சிகள் மாறின, நிதியமைச்சர்கள் மாறினார்கள், கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. உழைத்த காலத்தில் ஒவ்வொரு சதத்தையும் வருமானமாக எண்ணி வரி பிடிக்கும் அரசு, இளைப்பாறும் நாளில் அதே வருமானத்தின் பெரும்பகுதியைச் சம்பளமே இல்லை என்று தள்ளிவிடுகிறது. இந்த இரட்டைக் கணக்கை வன்மையாகக் கண்டிக்கிறோம். அது திருத்தப்பட்டே ஆகவேண்டும்.

சேவையிலுள்ள ஒரு தாதிய உத்தியோகத்தரின் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் அடிப்படைச் சம்பளம். அதன் கீழே வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபாய். அதற்கும் கீழே மேலதிக நேரக் கொடுப்பனவு, விடுமுறை நாள் கடமைக்கான கொடுப்பனவு, பதவிக்குரிய வேறு படிகள். இரவுக் கடமையும் ஞாயிற்றுக்கிழமைக் கடமையும் பொங்கல், தீபாவளிக் கடமையும் இந்தக் கீழ்வரிகளில்தான் இருக்கின்றன. சுகாதாரத் துறையில் குடும்பத்தை நடத்துவது பெரும்பாலும் இந்தக் கீழ்வரிகளே. கழிவுப் பக்கத்தில் விதவைகள், தபுதாரர்கள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பங்களிப்பு இருக்கும். மொத்த வருமானம் எல்லையைத் தாண்டினால் முற்பண வருமான வரியும் இருக்கும். வரி கணக்கிடும்போது மேல்வரியும் கீழ்வரிகளும் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ஓய்வூதியம் கணக்கிடும்போது கீழ்வரிகள் அனைத்தும் வெட்டப்பட்டு, அடிப்படைச் சம்பளம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தனிநபர் வருமான வரி விலக்கை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாயிலிருந்து 12 இலட்சம் ரூபாயாகக் குறைத்தது. 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைத்த அனைவரும் வரி வலையில் விழுந்தனர். 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை படிப்படியாக ஏறிய அந்த வரி, மருத்துவர்களை மாத்திரமன்றி, மேலதிக நேரம் செய்த தாதியரையும் எட்டியது. 2025 ஏப்ரலில் விலக்கு 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அதனால் மாதம் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழ் உழைப்பவர்கள் தப்பினார்கள். அதை வரவேற்கிறோம். ஆனால், இரவு முழுக்க விடுதியில் நின்று உழைத்த பணம் இறைவரித் திணைக்களத்தின் பார்வையில் சம்பளம் என்றால், ஓய்வூதியத் திணைக்களத்தின் பார்வையில் அது ஏன் சம்பளமில்லை? இரண்டு திணைக்களமும் ஒரே அரசின் திணைக்களங்கள்தானே? இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த நிதியமைச்சரும் நேரான பதில் சொன்னதில்லை.

சம்பள உயர்வு கேட்டால் படியைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிப்பது கொழும்பின் பழைய தந்திரம். 2024 ஜனவரியில் மருத்துவர்களின் DAT எனப்படும் கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தமக்கும் வேண்டுமென்று பணிப்புறக்கணிப்பில் இறங்கின. வைத்தியசாலைகள் முடங்கின, நோயாளர் அலைந்தனர். அந்தப் போராட்டம் முழுவதும் படியின் தொகையைச் சுற்றியே நடந்தது. அந்தப் படியை ஓய்வூதியத்துக்குரிய சம்பளமாக்குவது முதன்மைக் கோரிக்கையாக ஒலிக்கவில்லை. படியாகக் கொடுத்தால் ஓய்வூதியப் பொறுப்பு கூடாது என்பது திறைசேரிக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் தெரியாமலிருக்க நியாயமில்லை. இன்று கையில் வாங்கும் படியைப் பார்த்துத் திருப்திப்படும் இளம் ஊழியர், அறுபதாவது வயதில் அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதியுடன் வீட்டுக்குப் போகும்போதுதான் இழந்ததை அறிவார்.

இரண்டாவது அநீதி இன்னும் பச்சையானது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், இடைக்காலப் படிகளை அடிப்படைச் சம்பளத்துடன் சேர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடைநிலை ஊழியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 11,730 ரூபாயிலிருந்து 24,250 ரூபாய்க்கு ஏறியது. ஆனால் ஒரேயடியாக ஏறவில்லை. 2016 ஜனவரி தொடங்கி 2020 ஜனவரி வரை ஐந்து கட்டங்களில் ஏறியது. இந்த ஐந்து கட்டங்களுக்கு நடுவே இளைப்பாறியவர்கள் ஏணியின் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு 2020 ஜனவரிச் சம்பளத்தின்படி ஓய்வூதியத்தைத் திருத்துவதாக வாக்குறுதி தரப்பட்டது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. 2020 ஜனவரியில் அந்தத் திருத்தம் நிறுத்தப்பட்டது. ஓய்வூதிய முரண்பாடு என்று இன்று எல்லோரும் பேசும் பிரச்சினை இதுதான்.

அதன் பொருளை ஒரு விடுதிக்குள் வைத்துப் பார்ப்போம். இரண்டு தாதியர் ஒரே ஆண்டில் சேவையில் சேர்கிறார்கள். ஒரே தரம், ஒரே பதவியுயர்வு, ஒரே விடுதி. ஒருவர் வயதில் சற்று மூத்தவர், அதனால் 2017இல் இளைப்பாறுகிறார். மற்றவர் 2020இல் இளைப்பாறுகிறார். மூன்று ஆண்டு மேலதிகச் சேவைக்குச் சிறிது கூடுதல் கிடைப்பது நியாயம். ஆனால் இருவரின் ஓய்வூதியத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை உண்டாக்கியது அந்த மூன்று ஆண்டு உழைப்பன்று. ஒருவர் பிறந்த ஆண்டு. முன்னர் பிறந்ததற்காக ஒரு பெண்ணை மாதாமாதம் தண்டிக்கும் சட்டம் எந்த நாட்டில் நியாயமாகும்?

2025 பெப்ரவரி 17ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த ஜனாதிபதி அனுர குமார திஸாநாயக்க, 2020 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இளைப்பாறியவர்களின் ஓய்வூதியத்தை 2025, 2026, 2027 ஆகிய ஆண்டுகளின் ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்துவதாக அறிவித்தார். முந்தைய அரசு செய்த தவறை ஏற்றுக்கொண்டதற்காக அந்த அறிவிப்புக்கு உரிய மதிப்பைத் தருகிறோம். ஆனால் தவறு என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தவணைமுறையில் திருத்துவது என்ன நீதி? 2016இல் அறுபது வயதில் இளைப்பாறியவருக்கு 2027இல் எழுபத்தொரு வயது. எத்தனை பேர் இடையில் கண்ணை மூடிவிட்டார்கள்? 2020 ஜனவரி முதல் 2025 ஜூன் வரை ஐந்தரை ஆண்டுகள் இழந்த தொகைக்கு நிலுவை உண்டா என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதிலே இல்லை. தாமதித்த தீர்வை நிலுவையின்றிக் கொடுப்பது பாதிக் கடனை அடைத்துவிட்டு முழுக்கடனுக்கும் பற்றுச்சீட்டு கேட்பதாகும்.

வாழ்க்கைச் செலவுப் படியிலும் இதே பாகுபாடுதான். 2024 வரவு செலவுத் திட்டத்தில் சேவையிலிருப்போருக்கு 10,000 ரூபாய் கூட்டப்பட்டு அது 17,800 ரூபாயானது. இளைப்பாறியோருக்கு 2,500 ரூபாய் கூட்டப்பட்டு 6,025 ரூபாயானது. அச்சுவேலிச் சந்தையில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கப் போனால் வியாபாரி சேவையிலிருப்பவர் யார், இளைப்பாறியவர் யார் என்று பார்த்தா விலை சொல்கிறார்? நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரச வைத்தியசாலையில் மருந்து தட்டுப்பாடானால் வெளியே பார்மசியில் காசு கொடுத்து வாங்குபவர் யார்? வயது ஏற ஏறச் செலவு ஏறுகிறது. அரசின் கணக்கில் மட்டும் அது இறங்குகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

மூன்றாவது, வட்டியில் பிடிக்கும் வரி. இதில் பல இளைப்பாறியவர்கள் குழம்பிப்போயிருக்கிறார்கள். அதனால் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அரசாங்க ஓய்வூதியத்துக்கு இலங்கையில் வருமான வரி இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அதை விலக்களித்த வருமானமாகவே வைத்திருக்கிறது. எனவே 18 இலட்சம் ரூபாய் எல்லையைக் கணக்குப் பார்க்கும்போது ஓய்வூதியம் அதில் சேராது. ஆனால் இளைப்பாறும்போது கிடைக்கும் பணிக்கொடையை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால், அதன் வட்டி வரிக்குரியது. பெரும்பாலானோருக்கு வேறு வருமானம் இல்லை. ஆகவே அந்த வட்டி மட்டும் எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும். சட்டப்படி அவர்கள் ஒரு சதமும் வரி கட்டவேண்டியவர்கள் அல்லர்.

ஆனாலும் வங்கிப் புத்தகத்தில் என்ன நடக்கிறது? 2023 ஜனவரி முதல் வட்டியில் 5 வீதமும், 2025 ஏப்ரல் முதல் 10 வீதமும் வங்கி பிடித்துவைக்கிறது. கணக்குக்காக 20 இலட்சம் ரூபாய் வைப்பு, 8 வீத வட்டி என்று எடுத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 160,000 ரூபாய். அதில் 16,000 ரூபாய் கைக்கு வருமுன்பே போய்விடும். வரி எல்லைக்குள் வராதவர் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுத்தால் 2025 ஏப்ரல் முதல் அந்தத் தொகையைப் பிடிக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பிரகடனத்தைப் பற்றி எழுபது வயதுக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொன்னவர் யார்? தெரியாதவரிடம் வரி பிடிக்கப்படுகிறது. தெரிந்தவருக்கு மட்டும் விலக்கு. அறியாமையிலிருந்து வரி வசூலிக்கும் அரசு, மக்கள் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது.

இதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிரேஷ்ட பிரஜைகளின் வட்டி வருமானத்துக்கு ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய் வரை தனி விலக்கு இருந்தது. 2020இல் பொது விலக்கை 30 இலட்சமாக உயர்த்தியபோது, இனி இது தேவையில்லை என்று அந்த விலக்கு நீக்கப்பட்டது. 2023இல் பொது விலக்கு 12 இலட்சமாகச் சரிந்தபோது, நீக்கிய விலக்கு திரும்பி வரவில்லை. முதியோர் வைப்புகளுக்கான 15 வீதச் சிறப்பு வட்டியும் 2022 ஒக்டோபருடன் நிறுத்தப்பட்டது. விலைவாசி உச்சத்திலிருந்த மாதங்கள் அவை. 2025 ஜூலை முதல் 10 இலட்சம் வரையான வைப்புக்கு 3 வீதம் மேலதிக வட்டி என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு கையால் 3 வீதத்தைக் கொடுத்து மறு கையால் வட்டியில் பத்திலொன்றைப் பிடிப்பதை நிவாரணம் என்று எப்படிச் சொல்வது?

வடக்கின் சுகாதார ஊழியர்களுக்கு இவற்றுக்கும் மேலாக இன்னொரு சுமை உண்டு. அவர்கள் சேவை செய்த ஆண்டுகளே தாளில் முழுமையாக இல்லை. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சிக்கன விளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தவர்கள் இவர்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திய அந்த விளக்கைக் கையில் பிடித்து, சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனவர்கள். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் கடமையிலிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரும், வைத்தியசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள். 1995 ஒக்டோபரில் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாகப் படை நடவடிக்கை நகர்ந்தபோது நோயாளர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தவர்கள்.

அந்த இடப்பெயர்வில் கட்டில்களும் மருந்துகளும் மட்டும் அழியவில்லை, சுயவிபரக் கோவைகளும் அழிந்தன. வடக்கு கிழக்கு இணைந்திருந்த காலத்தில் மாகாண நிர்வாகம் திருகோணமலையில் இருந்தது. 2007இல் மாகாணங்கள் பிரிந்தபோது கோவைகளும் பிரிந்து நகர்ந்தன. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், அச்சுவேலி வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். ஒன்றிலிருந்து மற்றதற்கு இடமாற்றம் பெற்றவரின் சேவைக்காலத்தை உறுதிப்படுத்த இரு நிர்வாகங்களின் கையொப்பமும் வேண்டும். சம்பள ஏற்றப் பத்திரம் ஒன்று காணாமற்போனால் அதைத் தேடவேண்டிய பொறுப்பு நிர்வாகத்தினுடையது. நடைமுறையில் அந்தப் பொறுப்பு இளைப்பாறியவரின் தலையில் விழுகிறது. போரில் எரிந்த கடதாசிக்கு, போரில் எரியாமல் தப்பியவர் எப்படிப் பொறுப்பாவார்?

சுகாதாரத் தொண்டர்களின் நிலை இதைவிட மோசம். ஆளணி இல்லாத காலத்தில் சொற்பக் கொடுப்பனவுக்கோ எதுவுமில்லாமலோ பல ஆண்டுகள் வைத்தியசாலைகளைத் தாங்கியவர்கள், யாழ்ப்பாணத்தில் வீதியில் அமர்ந்து நிரந்தர நியமனம் கேட்டதை இந்த மண் பார்த்திருக்கிறது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டு நிரந்தரச் சேவை வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பின் நியமனம் பெற்றவருக்கு எஞ்சியிருப்பது பதினைந்துக்கும் குறைவான ஆண்டுகளே. தொண்டராக உழைத்த ஆண்டுகளைச் சேவைக்காலத்தில் சேர்க்காவிட்டால், அவர் முழு ஓய்வூதியத்தை ஒருபோதும் காணமாட்டார்.

எமது வாசகர்கள் பலரின் வீட்டில் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் பணிபுரியும் ஒருவர் இருப்பார். அங்கும் ஓய்வூதிய வரிச் சிக்கல் இருந்தது. ஆண்டுக்கு 40,000 பவுணுக்கு மேல் ஓய்வூதியம் வளர்ந்தால் வரி, ஆயுட்காலத்தில் 1,073,100 பவுணைத் தாண்டினால் மேலும் வரி என்ற விதிகளால், மூத்த மருத்துவர்கள் மேலதிகக் கடமையை மறுத்தார்கள், நேரத்தோடு இளைப்பாறினார்கள். 2023 மார்ச்சில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் ஆண்டு எல்லையை 60,000 பவுணாக உயர்த்தினார். ஆயுட்கால எல்லை 2024 ஏப்ரலில் முற்றாக ஒழிக்கப்பட்டது. 2015 ஓய்வூதிய மாற்றத்தில் இளம் ஊழியர்களுக்கு வயதின் பெயரால் பாகுபாடு காட்டப்பட்டதாக 2018 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சரிசெய்ய 2022இல் சட்டமே இயற்றப்பட்டது. அந்தத் திருத்தமும் இழுபட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனாலும் ஒரு பாடம் தெளிவானது. வைத்தியசாலையில் ஆளில்லாமற்போன பிறகுதான் அங்கே அரசு அசைந்தது. எங்கள் நாட்டில் மருத்துவர்களும் தாதியரும் 2022 முதல் கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறார்கள். மூத்தவர்கள் நடத்தப்படும் விதத்தைப் பார்த்துத்தான் இளையவர்கள் விமானமேறுகிறார்கள் என்பது திறைசேரிக்கு விளங்கவில்லையா?

பணமில்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். தோட்டம் செய்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இல்லாத ஓய்வூதியம் இவர்களுக்கு ஏன் என்று கேட்பவர்களும் உண்டு. விவசாயிக்கும் மீனவருக்கும் ஒழுங்கான ஓய்வூதியம் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவருக்கு இல்லை என்பதற்காக, கையொப்பமிட்டு வாக்குறுதி பெற்ற இன்னொருவருடையதைப் பறிப்பது நீதியாகாது. நாட்டைக் கடனில் தள்ளியது அச்சுவேலி வைத்தியசாலையின் சிற்றூழியர் அல்லர். கடனுக்கான தண்டனையை முதலில் அவர் தலையில் இறக்குவது கோழைத்தனம்.

எனவே எமது கோரிக்கைகளை மறைவின்றி முன்வைக்கிறோம்.

2020 ஜனவரிக்கு முன் இளைப்பாறிய அனைவருக்கும் எஞ்சிய திருத்தங்களை ஒரே தடவையில் வழங்கவேண்டும். 2020 ஜனவரி முதலான நிலுவையைக் கணக்கிட்டு, இறந்தவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

வரி விதிக்கப்படும் நிரந்தரப் படிகள் ஓய்வூதியத்துக்குரிய சம்பளமாகவும் கணிக்கப்படவேண்டும். இளைப்பாறியோரின் வாழ்க்கைச் செலவுப் படி, சேவையிலிருப்போரின் படிக்கு இணையாக்கப்படவேண்டும்.

ஓய்வூதியம் பெறுவோரின் விபரம் ஓய்வூதியத் திணைக்களத்திடம் இருக்கிறது. வைப்பு விபரம் வங்கியிடம் இருக்கிறது. வரி எல்லைக்குள் வராதவர்களின் வட்டியில் வரி பிடிப்பதைப் பிரகடனத்துக்குக் காத்திராமல் நிறுத்தவேண்டும். 2023 முதல் பிடித்த பணத்தை, முதியவர்களை இறைவரிப் பணிமனைக்கு அலைக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். சிரேஷ்ட பிரஜைகளுக்கான 15 இலட்சம் ரூபாய் வட்டி விலக்கை மீளக் கொண்டுவரவேண்டும்.

போரில் அழிந்த கோவைகளுக்குப் பதிலாக, உடன் பணியாற்றியவர்களின் சத்தியக் கடதாசியையும் வேறு ஆவணங்களையும் ஏற்கும் விசேட ஏற்பாடு வடக்குக்கு வேண்டும். தொண்டர் சேவைக்காலம் ஓய்வூதியத்துக்குச் சேர்க்கப்படவேண்டும். அலுவல்கள் தமிழில் நடக்கும் நடமாடும் சேவை, அச்சுவேலி போன்ற இடங்களுக்கு ஆண்டுக்கொரு தடவையேனும் வரவேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கட்சி பாராமல் சபையில் எழுப்பவேண்டும். சுகாதாரத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் படியின் தொகையோடு ஓய்வூதியத்தையும் மேசையில் வைக்கவேண்டும். இளைப்பாறியவர்களால் பணிப்புறக்கணிப்புச் செய்ய முடியாது. அவர்களுக்காகக் குரல் கொடுக்கவேண்டியவர்கள் இன்று சேவையிலிருப்பவர்களும், அவர்கள் கையில் பிறந்து வளர்ந்த நாமுமே.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ அயலிலோ இளைப்பாறிய சுகாதார ஊழியர் ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே அவரின் வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். வட்டியில் வரி பிடிபட்டிருந்தால் சுய பிரகடனப் படிவத்தை நிரப்ப உதவுங்கள். ஓய்வூதியம் சரியான சம்பளத்தில் கணக்கிடப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அரசு தன் கடமையைச் செய்யும்வரை கேட்பது நம் கடமை. ஓய்வூதியம் அரசின் தருமம் அன்று. உழைத்தவர்கள் முன்கூட்டியே கொடுத்துவைத்த உழைப்பின் கூலி. அதை முழுமையாக, நிலுவையுடன், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுங்கள்.